குண்டு விழுந்த தூரம்

தேவனாம்பட்டினத்துக் கோட்டையை விலைபேசி வாங்கியபோது
பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரை
சுற்றியிருக்கும் ஊர்களும் சேர்த்தி
என்று எழுதிக்கொண்டார்களாம்.
கிழக்கே கடல். அங்கே சுட்டுப் பயனில்லை.
மற்ற திசைகளில் சுட்டிருப்பார்கள்.
எந்த வயலில் விழுந்தது,
அந்நேரம் அங்கே குனிந்து
யார் களை பறித்துக்கொண்டிருந்தார்கள்
என்பது பத்திரத்தில் இல்லை.

நான் வீட்டுக் கணக்கெடுக்க வந்திருக்கிறேன்.
தொகுதி எண் நாற்பத்தொன்று.
கையில் போன், பையில்
பள்ளியிலிருந்து எடுத்துவந்த இரண்டு சாக்பீஸ்,
தண்ணீர் பாட்டில், ஒரு எலுமிச்சம்பழம்.

கொடுத்த வரைபடத்தில்
தெற்கே பெண்ணையாறு, வடக்கே வாய்க்கால்,
நடுவில் வெறும் நஞ்சை.
வந்து பார்த்தால் நூற்றுப் பன்னிரண்டு வீடு,
ஒரு ஜெராக்ஸ் கடை,
கோபுரம் செங்கல்லோடு நின்றுபோன அம்மன் கோயில்.
நுழைவு வளைவில் 'கீர்த்தனா நகர் விரிவு'.
மனை போட்டவரின் மகள் பெயராம்.
அந்தப் பெண் இந்தப் பக்கம் வந்ததே இல்லையாம்.
'விரிவு' என்றால் முதல் நகர் எங்கே என்று கேட்டேன்.
யாருக்கும் தெரியவில்லை.

வாய்க்காலுக்கு அப்பால் புதுச்சேரி.
அப்பால் என்பதும் சரியில்லை.
அவர்களது ஒரு துண்டு, நடுவில் நம்முடையது ஒரு துண்டு,
தாண்டினால் மறுபடி அவர்களது.
தையல்காரர் மிஷினடியில்
இரண்டு பேர் சட்டைத் துணியும் கலந்து கிடப்பதுபோல.

முதல் வீடு சிவக்கொழுந்து.
படிவத்தில் இல்லாததைக் கேட்டேன்,
சொந்த ஊர் எதுங்க?
"குழியில இருக்கு" என்றார்.
நெய்வேலிப் பக்கம். சுரங்கத்துக்கு எடுத்துக்கொண்டார்கள்.
"ஊர் எங்கேயும் போயிடலம்மா, வந்துகிட்டுதான் இருக்கு"
என்று சுவிட்சைத் தட்டினார்.
மின்விசிறி சுற்றியது.
ஓடுகிற விசிறிக்கு அடியில் நின்று
சுவர்: சிமெண்ட், கூரை: கான்கிரீட்,
குடிநீர்: வளாகத்துக்குள்
என்று தட்டிக்கொண்டே போனேன்.

ஐந்தாவது வீட்டுச் செம்பாயி
சுனாமிக்கு மறுவருஷம் கரையை விட்டு வந்தவள்.
கிழக்கில் ஜன்னலே வைக்கவில்லை.
கொத்தனார் வாஸ்து சொன்னாராம், காற்று சொன்னாராம்,
"சுவத்த ஏத்துய்யா" என்றாளாம்.
புருஷன் இன்னும் கடலுக்குப் போகிறான்,
பஸ் ஏறி.

எண்பத்தேழாவது வீட்டில்
போன் ஒத்துழைக்கவில்லை.
நீலப் புள்ளி வாய்க்காலைத் தாண்டிக் குதித்தது,
திரும்பியது, மறுபடி குதித்தது.
'தொகுதி எல்லைக்கு வெளியே இருக்கிறீர்கள்'
என்றது சிவப்பு எழுத்தில்.
அஞ்சலாட்சி ஈரக் கையோடு வந்தாள்.
"அடுப்பு பாண்டி, படுக்கை கடலூரு டீச்சர்.
போன தடவை ரெண்டு பேரும் வந்து எண்ணிட்டாங்க,
அதுக்கு முந்தி ரெண்டு பேருமே வரல.
அந்தத் துவைக்கிற கல்லு மேல ஏறி நில்லுங்க,
அங்கதான் தமிழ்நாடு கிடைக்கும்."

ஏறினேன். கிடைத்தது.
குனிந்து பார்த்தால் கல்லின் இரண்டு பக்கமும்
ஏதோ எழுத்து.
ஒரு பக்கம் கொக்கிபோல் ஒரு வளைவு மிச்சம்,
மறுபக்கம் ஒரு கோடு, அதன் மேல்
நீலக் கட்டிச் சோப்பு.
இது எல்லைக்கல் இல்லையா என்றேன்.
"இருக்கும். நாங்க வரும்போதே சாஞ்சு கிடந்துச்சு.
நல்ல வழவழப்பு."

எத்தனை பேர்? ஐந்து.
கழிப்பறை? உண்டு. எந்தப் பக்கம் என்று
படிவம் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.
'பதிவு ஏற்கப்பட்டது' வந்ததும் இறங்கினேன்.
அவள் மகனின் பள்ளிச் சட்டையை
ஓங்கி ஒரு அடி அடித்தாள்.
நான் பின்வாங்கினேன்,
நீர் தெறித்து விழும் தூரம் வரை.

கதவில் 87 எழுதிவிட்டு நகர்ந்தேன்.
அடுத்த வீடு பூட்டியிருந்தது.
பூட்டிய வீட்டுக்கும் எண் உண்டு.
சாக்பீஸ் ஒடிந்து
பாதி வாய்க்காலில் விழுந்தது.